குண்டு ஐந்தின் எட்டாவது மூச்சு

எடை ஆய்வாளர் ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலில் தராசைப் பார்ப்பதில்லை. தராசு நிற்கும் மேசையின் கால்களைப் பார்ப்பார். ஒரு காலுக்கடியில் மடித்த அட்டை இருந்தால், அது மேசை ஆடாமலிருக்கச் செருகியதா, தட்டு ஒரு பக்கம் சாயச் செருகியதா என்பது தெரியும் வரை அவருக்குப் பேச்சு எழாது. கடைக்காரர் நாற்காலி இழுத்துப் போட்டால் உட்கார மாட்டார். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டார். இருபத்தாறு ஆண்டுகளாக அலுவலக முத்திரையையும், பஞ்சு பதித்த பெட்டியில் ஒரு கிராம் முதல் இரண்டு கிலோ வரையிலான பித்தளை எடைக்கற்களையும் சுமந்துகொண்டு இப்படியே தெருத்தெருவாக நடந்திருக்கிறார். ஒரு மருந்துக் கடையின் தராசை அரை கிராம் வித்தியாசத்துக்காகப் பூட்டி முத்திரை வைத்த நாளிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘அரை கிராம்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். யார் வைத்தது என்பதை மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு அறை வீடு. வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு. வாரம் முழுவதும் தானே சமைத்துக்கொள்பவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அடுத்த தெருவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போவார். சாப்பாடு முடிந்ததும் தங்கையின் கணவரோடு ஒரு ஆட்டம் கோ. பன்னிரண்டு ஆண்டுகளாக இது மாறவில்லை.

கோ ஒரு பலகை ஆட்டம். பத்தொன்பது கோடுகள் நெடுக்காகவும் பத்தொன்பது கோடுகள் குறுக்காகவும் ஓடும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் ஒருவர் கறுப்புக் காயும் மற்றவர் வெள்ளைக் காயும் மாறி மாறி வைப்பார்கள். வைத்த காய் நகராது. ஒரு காயை ஒட்டியுள்ள காலிப் புள்ளிகள்தான் அதன் மூச்சு. எல்லா மூச்சையும் எதிரி அடைத்துவிட்டால் காய் பலகையை விட்டுப் போகும். சேர்ந்து நிற்கும் காய்கள் மூச்சையும் சேர்ந்தே விடும். சாவதானாலும் சேர்ந்தே சாகும். கூட்டத்துக்கு உள்ளேயே அடைபட்டிருக்கும் காலியிடம் கண். இரண்டு கண் இருந்தால் அந்தக் கூட்டத்தை யாராலும் அசைக்க முடியாது. இரண்டு கண் இல்லாத ஒரு கறுப்புக் கூட்டமும் ஒரு வெள்ளைக் கூட்டமும் ஒன்றையொன்று வளைத்துக்கொண்டால், யார் மற்றவரின் மூச்சை முதலில் அடைக்கிறாரோ அவர் பிழைப்பார். மன்றத்தில் அதற்கு மூச்சுச் சண்டை என்று பெயர்.

மன்றம் ஒரு நகல் கடைக்கு மேலே, மாடியறையில் இருந்தது. ஏழு பலகைகள், இருபத்து மூன்று உறுப்பினர்கள். ஆட்டக் குறிப்பு, சாவிப் பதிவேடு, விதிமுறைகள் எல்லாம் ஆய்வாளரின் பொறுப்பு. தங்கையின் கணவரை அவர் முதலில் பார்த்ததும் அங்கேதான். டைல்ஸ் பதிப்பவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஒரு காய் வைப்பதற்குள் எதிராளிக்குக் கொட்டாவி வந்துவிடும், அத்தனை நிதானம். ஆய்வாளர் எட்டு மாதம் விசாரித்த பிறகே தங்கையைக் கொடுத்தார். எட்டு மாதத்தில் ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் ஆட்டத்தில் பழகி உறவானவர்கள் என்பதால், மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் இல்லாமல் இருவருக்கும் நடுவே நீ, வா, போதான்.

அந்த ஆண்டுக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. ஆய்வாளருக்குக் கறுப்பு, மாப்பிள்ளைக்கு வெள்ளை.

நூற்று இருபத்தொன்பது காய்கள் விழுந்தபோது பலகையின் நடுவில் ஒரு பெரிய மூச்சுச் சண்டை மூண்டு நின்றது. வெள்ளைக் கூட்டத்துக்குள் ஐந்து புள்ளிகள் கொண்ட ஒரே கண். சதுரமாக நான்கு, ஓரத்தில் ஒட்டியபடி ஒன்று. இதைக் குண்டு ஐந்து என்பார்கள். இதை அடைக்க ஐந்து காய் போதாது. உள்ளே நான்கு வைத்ததும் வெள்ளை அவற்றை அள்ளி வெளியே போட்டுவிடும். கறுப்பு மறுபடி உள்ளே போக வேண்டும். ஆகவே எத்தனை மூச்சு என்பதை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். சுவரில் ஆய்வாளர் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு மாட்டிய அட்டை தொங்கியது: மூன்று புள்ளிக் கண்ணுக்கு மூன்று மூச்சு, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு ஏழு.

அதன்படி வெள்ளைக்குக் கண்ணில் ஏழு, வெளியே ஒன்று. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஒரு மூச்சும் கண் வைத்திருப்பவர் பக்கமே சேரும். மொத்தம் ஒன்பது. கண் இல்லாத கறுப்புக்கு வெளியே ஒன்பது. சமமாக நின்றால் முதலில் கை வைப்பவர் பிழைப்பார். அப்போது கை வைக்க வேண்டியவர் மாப்பிள்ளை. அவர் நடுவில் ஒரு காயைச் செலவழித்தே ஆக வேண்டும், அந்த நேரத்தில் வலது மூலையை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் காத்திருந்தார்.

மாப்பிள்ளை எழுந்து கழிப்பறைக்குப் போனார். ஆறு நிமிடம். ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே நூற்று முப்பதாவது காயை வலது மூலையில் வைத்தார்.

நடுவில் சண்டை அப்படியே கிடந்தது. ஆய்வாளர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டு மூச்சை அடைக்கத் தொடங்கினார். ஒன்றொன்றாக இறங்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் வெள்ளைக்கு ஒரே ஒரு மூச்சு மிச்சமிருக்கையில் அவருடைய முப்பத்தெட்டுக் காய்களும் மாப்பிள்ளையின் உள்ளங்கைக்குப் போயின.

தோற்றது அவரைச் சுடவில்லை. அந்த ஆறு நிமிடம்தான் சுட்டது. ஒரு மூச்சு வித்தியாசத்தில் முடியும் சண்டையை நடுவில் விட்டுவிட்டு மூலைக்குப் போக ஒரு மனிதனுக்கு எப்படித் துணிச்சல் வரும்? ஆட்டத்துக்கு முன் கைப்பேசிகளை வாசலிலிருக்கும் கூடையில் போட வேண்டும். மாப்பிள்ளை ஒன்றைத்தான் போட்டார். அவரிடம் இரண்டு உண்டு என்பது ஆய்வாளருக்குத் தெரியும். இன்றைக்குக் கைப்பேசியிலேயே ஓடும் கோ நிரல்கள் எந்த மூச்சுச் சண்டைக்கும் கண் இமைக்கும் நேரத்தில் விடை சொல்லிவிடும்.

மன்றத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பேச்சைத் தேவையில்லாமல் நீட்டாத பெண்மணி. படியிறங்கும்போதே ஆய்வாளர் அவரிடம் சந்தேகத்தைச் சொன்னார்.

“சார், தோத்ததும் நீங்க, சொல்றதும் நீங்க,” என்றார் டாக்டர். “எழுத்துல குடுங்க. ஒவ்வொரு காயா விளக்கி எழுதுங்க. அடுத்த ஞாயிறு கமிட்டியில படிப்போம். உண்மைன்னா அவர் பேரை எடுத்துடலாம். இல்லைன்னா அதையும் பதிவுல ஏத்தணும்.”

டாக்டர் மாப்பிள்ளைக்கும் ஃபோன் செய்து விவரத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் மறுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மச்சானே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும் என்று வைத்துவிட்டாராம். குற்றமில்லாதவன் இப்படியா பேசுவான் என்று ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்து, குறிப்பைப் பார்த்து நூற்று முப்பது காய்களையும் அடுக்கினார். அட்டைக் கணக்குப்படி கறுப்பு வெல்ல வேண்டும். தன் அவசரத்தில் எங்கோ ஒரு காயை வீணாக்கியிருக்கிறோம் என்பது அவர் எண்ணம். பொறுமையாக ஆடிப் பார்த்தார். ஒரு மூச்சில் தோற்றார். வரிசையை மாற்றி, வெளி மூச்சை முதலிலும் பொது மூச்சைக் கடைசியிலும் அடைத்தார். அதே ஒரு மூச்சு.

உடனே குறிப்பின் மேல் சந்தேகம் வந்தது. அது நகல். நகல் எடுத்தபோது கண்ணாடியில் கிடந்த தூசு ஒன்று காயாக விழுந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை டாக்டரிடமிருந்த மூலத்தை வாங்கிவந்து பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டார். தூசு இல்லை. அடுத்துப் பலகையின் மேலேயே சந்தேகம், கோடுகளை எண்ணினார். இரு பக்கமும் பத்தொன்பதுதான். புதன்கிழமை, மற்ற காய்களையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுக் குண்டு ஐந்தை மட்டும் தனியாக வைத்தார்.

கறுப்பு உள்ளே நான்கு வைக்கிறது. வெள்ளை ஒரு காய் செலவழித்து அள்ளுகிறது. நான்கில் ஒன்று போக நிகரம் மூன்று. மிச்சம் நான்கு புள்ளிக் கண். உள்ளே மூன்று, அள்ள ஒன்று, நிகரம் இரண்டு. மிச்சம் மூன்று புள்ளி. உள்ளே இரண்டு, அள்ள ஒன்று, நிகரம் ஒன்று. மிச்சம் இரண்டு புள்ளி. அதற்கு மேல் அள்ளினால் வெள்ளைக்குத்தான் நஷ்டம், ஆகவே கறுப்பு இரண்டையும் வைத்தாக வேண்டும். மூன்றும் இரண்டும் ஒன்றும் இரண்டும்.

எட்டு.

கதவைத் தாழிட்டுவிட்டு வந்து மறுபடி வைத்தார். எட்டு. ஏழு தடவை வைத்தார். ஏழு தடவையும் எட்டுதான். அட்டை தவறு. யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு நினைவிலிருந்து எழுதியது அது. மூன்று, ஐந்து, ஏழு என்று நாக்கில் சுகமாக உருண்டதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். வீட்டிலிருந்த பழைய ஆட்டக் குறிப்புகளைப் புரட்டினார். பதினோரு ஆண்டுகளில் குண்டு ஐந்து மூன்றே ஆட்டங்களில் வந்திருந்தது. மூன்றிலும் வித்தியாசம் நாலைந்து மூச்சு என்பதால் தவறு வெளியே தலைகாட்டவில்லை.

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஆய்வாளருக்கோ சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது. மன்றத்தில் இருபத்து மூன்று பேரும் ஏழு என்றே நம்புகிறார்கள். எட்டு என்பது இயந்திரத்துக்கு மட்டுமே தெரியும். அப்படியானால் மாப்பிள்ளைக்கு எட்டைச் சொன்னது யார்? தன் தவறே இப்போது சாட்சியாக நிற்பதைக் கண்டதும் அவருக்கு ஒரு குரூரமான திருப்திகூட உண்டாயிற்று. மூன்று பக்கம் எழுதினார்.

வியாழக்கிழமை தங்கை வந்தாள். உள்ளே வரவில்லை; நிலைப்படியிலேயே நின்றாள். இரண்டாவது ஃபோன் இரண்டு மாதமாகத் திரை உடைந்து அலமாரி இழுப்பறையில் கிடப்பதாகச் சொன்னாள். அதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று ஆய்வாளர் கேட்டார்.

“நான் பார்த்தேன்,” என்றாள்.

“நீ அவன் பொண்டாட்டி.”

தங்கை படியிறங்கித் திரும்பினாள். “அண்ணா, நாளைக்கு நீ சாப்பிட வர வேண்டாம். வந்தா என் தட்டையும் திருப்பிப் பார்ப்பே.”

அந்த வெள்ளிக்கிழமை அவர் ரசமில்லாத, குழம்பில்லாத வெறும் தயிர்ச்சோற்றை நின்றுகொண்டே தின்றார் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. என்ன தின்றார் என்பது அவர் நினைவில் இல்லை என்பதே சரி.

புகாரில் ஒரே ஓட்டை: ஃபோனை எங்கே ஒளித்தான்? சனிக்கிழமை மத்தியானம் நகல் கடையில் சாவி வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். அவருக்கு முந்தைய கையெழுத்து போன ஞாயிற்றுக்கிழமையுடையது. நடுவில் யாரும் மாடி ஏறவில்லை. டார்ச்சோடு கழிப்பறைக்குள் போனார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினார். ஜன்னல் விளிம்பைத் தடவினார். குழாய்க்குப் பின்னால் கைவிட்டார். ஒன்றுமில்லை. முழங்கால் வலியெடுக்கவே மூடிய இருக்கையின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த கண் மட்டத்தில், பக்கச் சுவரின் வெள்ளை டைல்ஸில், பென்சில் கோடுகள் தெரிந்தன.

அந்தச் சுவரே மாப்பிள்ளை இலவசமாகப் பதித்துக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, சதுரமாக நான்கு, ஒட்டி ஒன்று. உள்ளே சின்னச் சின்ன வட்டங்கள். விரலால் அழித்து மறுபடி போட்டவை. பக்கத்தில் தச்சன் கை எண்களைப் போலக் கோணலாக: 3, 2, 1, 1. அதன் கீழே 7. பிறகு கடைசி 1-ஐயும் 7-ஐயும் அடித்துவிட்டு, இரண்டு கட்டத்தைத் தனியாக வரைந்து, 2 என்றும் 8 என்றும் எழுதியிருந்தது. அதற்கும் கீழே, கூட ஒன்று, கூட ஒன்று, பத்து. எதிரே ஒன்பது. பத்துக்கு அடியில் ஒரு கோடு.

பிறகு வந்து வரைந்திருக்கலாமே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. சாவிப் பதிவேடு அந்த வழியை அடைத்தது. அடித்திருந்த அந்த 7-ஐ அவர் நெடுநேரம் பார்த்தார். விடை கையில் வைத்திருப்பவன் தப்புப் போட்டு அடிக்க மாட்டான். கடைசி இரண்டு புள்ளியில் வெள்ளையும் அள்ளும் என்று எண்ணியதால் முதலில் ஒன்று குறைந்திருக்கிறது. எண்ணுகிற மனிதன் மட்டுமே அங்கே சறுக்குவான்.

மாப்பிள்ளை அன்று ஒரு பள்ளிக்கூடத்தின் புது ஆய்வகத்தில் தரை போட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளர் வாசலில் நின்று, கழிப்பறைச் சுவரைப் பார்த்ததாகச் சொன்னார்.

மாப்பிள்ளை வைத்த கல்லின் நான்கு மூலையையும் ரப்பர் சுத்தியால் தட்டி முடித்தார். “நின்னு பார்த்தியா, உக்காந்து பார்த்தியா?”

“உக்காந்து.”

“அப்ப சரியாத்தான் பார்த்திருக்கே.”

“ஏன் மாப்ள சொல்லலை?”

“சொன்னா? ஆட்டத்துக்கு நடுவுல வேற பலகையில வெச்சுப் பார்க்கக் கூடாது, தாள்ல எழுதிப் பார்க்கக் கூடாதுன்னு சட்டம் எழுதினவன் நீ. ஃபோன் பார்த்தான்னு நீ சொன்னது பொய். எனக்கு அதுல பயமில்லை. சுவத்துல எழுதினேன்னு நானே சொன்னா அது நெசம். அதுக்குத்தான் பயந்தேன்.” சாந்துக் கரண்டியைத் துடைத்தார். “பலகைன்னு எழுதின, தாள்னு எழுதின. டைல்ஸ்னு எங்கயும் எழுதலை. அதையும் யோசிச்சேன். உன்கிட்ட எடுபடாதுன்னு விட்டுட்டேன்.”

ஆய்வாளர் அட்டையைப் பற்றிச் சொன்னார். ஏழு என்பது தவறு, தான் எழுதியது என்றார்.

“தெரியும். அந்த ஆறு நிமிஷத்துலதான் தெரிஞ்சுது. முதல்ல எனக்கும் ஏழுதான் வந்துச்சு. உன் அட்டையோட ஒத்துப்போச்சேன்னுதான் மறுபடி எண்ணினேன். நான் எண்ணினது முதல் தடவையே எதோடயும் ஒத்துப்போனதே கிடையாது.”

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“மச்சான், தோத்துட்டு நீ பலகையைக் கவிழ்த்திருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்லை. பன்னண்டு வருஷம் என்கூட உக்காந்து சாப்பிட்டவன். நான் திரும்பி வந்தப்ப என் மூஞ்சியைப் பார்க்கலை நீ. சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தே.”

அது உண்மை. பார்த்ததை ஆய்வாளர் குறித்தும் வைத்திருந்தார்.

புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், அட்டையின் தவறு தன்னுடையது என்று எழுதுவதாகவும் சொன்னார். சுவரைப் பற்றி என்ன எழுதுவாய் என்று மாப்பிள்ளை கேட்டார். எழுதினால் கோப்பை போய்விடும், உறுப்பினர் பதவியே போனாலும் போகலாம்; எழுதாவிட்டால் அது முழுப் பதிவு ஆகாது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வரியை விட்டுவிடத் தயாராக இருந்தார். அதைச் சொல்லவும் வாயெடுத்தார்.

“எழுது,” என்றார் மாப்பிள்ளை. “நீ எழுதாம விட்டா, அதை எப்ப எடுத்து நீட்டுவியோன்னு நான் உன்னையே பார்த்துக்கிட்டு உக்காரணும். உன் வியாதி எனக்கு வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கடிதத்தை வாசித்தார். மூன்று செய்தியும் அதில் இருந்தன. ஃபோன் குற்றச்சாட்டு ஆதாரமற்றது; அட்டை பதினோரு ஆண்டுகளாகத் தவறு; வெள்ளை ஆட்டக்காரர் சுவரில் எழுதிப் பார்த்தார். மாப்பிள்ளை மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் பார்க்கத் துணியவில்லை, ஆய்வாளரைத்தான் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆட்டம் செல்லாது, இந்த ஆண்டு கோப்பை யாருக்கும் இல்லை, உறுப்பினர் பதவிக்குப் பங்கமில்லை என்று முடிவாயிற்று. விதியில் சுவர் என்று சேர்ப்பதா, டைல்ஸ் என்று சேர்ப்பதா என்று பின்வரிசையில் வாக்குவாதம் கிளம்பியது. “‘வேறெந்தப் பரப்பிலும்’னு போட்டு முடிங்க, எனக்கு நோயாளி காத்திருக்கார்,” என்றார் டாக்டர். ஆய்வாளர் நாற்காலி மேல் ஏறி அட்டையைக் கழற்றினார். சுவரில் அந்த அளவுக்கு ஒரு வெளிறிய சதுரம் நின்றது.

படியில் மாப்பிள்ளை அவருக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். கீழ்ப்படி வந்ததும் திரும்பாமலே பேசினார்.

“வெள்ளிக்கிழமை சாப்பிட வா. உன் தங்கைகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா கொஞ்ச நாளைக்கு நான் உன்கூட விளையாட மாட்டேன்.”

“எத்தனை நாள்?”

மாப்பிள்ளை வண்டியின் பூட்டைத் திறந்தார், இருக்கையைத் துடைத்தார், ஏறி உட்கார்ந்தார்.

“எண்ணிச் சொல்றேன்,” என்றார்.

அவர் எத்தனை நிதானமாக எண்ணுவார் என்பது ஆய்வாளருக்குத் தெரியும். வண்டி முக்குத் திரும்பும் வரை நகல் கடை வாசலிலேயே நின்றார்.